கூப்பிட்டால் திரும்பாதவர்

உயிரோடு இருக்கிறோம் என்று போலீஸ்காரரிடம் நிரூபிக்க வேண்டிய நிலைமை எல்லோருக்கும் வந்துவிடாது. அவருக்கு வந்தது. அதுவும் சொந்த ஊரான செங்கல்பட்டிலேயே, கொளவாய் ஏரிக்கரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

அந்த ஏரியை ஒட்டித்தான் ரயில் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் வெளியே பார்த்திருக்கிறார். கரைச் சேற்றில் ஒரு ஆள் குப்புறக் கிடக்கிறார். பாதி உடம்பு புல்லில், தலை தண்ணீர் ஓரத்தில். துளி அசைவு இல்லை. அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் புண்ணியவான் போன் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஏட்டும் இன்னொரு போலீஸ்காரரும் பைக்கில் வந்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கரையில் இறங்கினார்கள். ஏட்டு லத்தியை நீட்டி விலாவில் லேசாக ஒரு குத்து குத்தினார்.

பிணம் தலையைத் திருப்பாமலே பேசியது. "நிழல் வுழுது சார். கொஞ்சம் தள்ளிக்கோங்க."

ஏட்டு பின்னால் துள்ளிப்போய், "யோவ், உயிரோடதான் கீறியா?" என்றார்.

"இருங்க சார். ஜோடியா உக்காந்துகினு கீது. எடுத்துட்டு வந்துடறேன்."

ஜோடி என்றதும் ஏட்டு வேறு என்னவோ நினைத்துக்கொண்டு புதரையெல்லாம் எட்டிப் பார்த்தாராம். இந்தக் கதையைச் சேற்றில் கிடந்தவர் வாயால் நான் கேட்டதில்லை. நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி சொல்லித்தான் கேட்டேன். அக்கா ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஏட்டு இன்னும் இரண்டு அடி அதிகமாகத் துள்ளுவார். சொல்லி முடித்துவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். "செத்துட்டாருன்னு போலீஸு முடிவு பண்ணிடுச்சி. நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன்" என்பார்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவருக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ. பாஸ்போர்ட் சைஸ் படம், பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம், முகூர்த்த நாட்களில் கல்யாணம், வளைகாப்பு. நான் முதன்முதலில் போனது பாஸ்போர்ட் படத்துக்குத்தான். "காது தெரியணும்மா, முடிய ஒதுக்கு, தாடைய எறக்கு" என்று தூக்கம் வழியச் சொல்லிக்கொண்டே எடுத்தார். சுவரில் மொட்டைத்தலைக் குழந்தைகளுக்கும் மாலை போட்ட ஜோடிகளுக்கும் நடுவில் பெரிதாக ஒரு படம். பச்சையும் மஞ்சளுமாக ஒரு இதய வடிவம், பின்னால் மங்கலான பச்சை.

"இது இன்னா சார், டாலரா? எந்தக் கடைல?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான். ஆளுக்குத் தூக்கம் போய்விட்டது. எனக்குப் பின்னால் நாலைந்து பேர் காத்திருந்ததை மறந்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது நகை இல்லை. கூடியிருக்கும் இரண்டு ஊசித்தட்டான். சாதாரணத் தட்டான் உட்கார்ந்தால் இறக்கையை விரித்து வைத்துக்கொள்ளும், ஊசித்தட்டான் முதுகோடு மடித்துக்கொள்ளும், உடம்பு தையல் ஊசி தடிமன்தான், கண் இரண்டும் தனித்தனியாக ஓரத்தில் இருக்கும் என்று ஆரம்பித்து, கூடும்போது இப்படி இரண்டும் வளைந்து சேரும் என்று முடிப்பதற்குள், காத்திருந்தவர்களில் இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு அப்போது நாவலூரில் வேலை. மற்றவர்கள் எழுதிய ப்ரோக்ராமில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. "அந்தப் புத்திய ஆபீஸ்லயே வெச்சிட்டு வாடி" என்று வீட்டில் அம்மா திட்டும் அளவுக்கு எதையும் நோண்டிப் பார்க்கிற ஜென்மம் நான். பூச்சி பார்க்கிற வேலை எனக்கு ஒத்துப்போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர், நான், திருக்கழுக்குன்றத்தில் கிளினிக் வைத்திருந்த ஒரு பல் டாக்டர். எங்கள் மூன்று பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரி, குளம், தாங்கல், வயல் வரப்பு. அவரை நாங்கள் அண்ணே என்று கூப்பிடுவோம். கூப்பிடுவோம் என்றுதான் சொல்கிறேன். திரும்புவார் என்று சொல்லவில்லை.

அதுதான் அவரிடம் இருந்த விஷயம். கேமராவில் கண்ணை வைத்துவிட்டால் காது மூடிக்கொள்ளும். நடிப்பில்லை, திமிரும் இல்லை. நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, "அண்ணே, உங்க வண்டிய யாரோ தள்ளிகினு போறாங்க" என்று சொன்னேன். பதில் இல்லை. வண்டி பிராணன் அவருக்கு. பிறகு எழுந்து வந்து, "நீ ஏதாவது சொன்னியாம்மா?" என்று கேட்டார்.

கல்யாண வீட்டிலும் இதே கூத்துதான். ஒரு அதிகாலை முகூர்த்தம். மண்டப விளக்கு வெளிச்சத்துக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு அந்துப்பூச்சி வந்து, மணப்பெண்ணின் மாலையில் உட்கார்ந்திருக்கிறது. இறக்கையில் கண் கண்ணாகக் கோலம் போட்ட பூச்சி. ஐயர் கெட்டிமேளம் என்றார். மேளம் காதைப் பிளந்தது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். இவர் அந்தப் பூச்சியை எடுத்துக்கொண்டிருந்தார். படம் பிரமாதம். பூச்சியின் மீசை தனித்தனியாகத் தெரிகிறது. பின்னால் மங்கலாக, மஞ்சளாக ஏதோ ஆடுகிறது, அதுதான் தாலி. வீடியோ எடுத்தவர் புண்ணியத்தில் கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி இருந்தது. பெண்ணின் அப்பா கடைக்கு வந்து ஒரு மணி நேரம் சத்தம் போட்டார். அதன் பிறகு இவர் அந்தப் பெண் வீட்டுத் தெரு வழியாகவே போவதில்லை, சுற்றிக்கொண்டுதான் போவார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். ஆனால் ஒரு நாள் அக்கா சொன்ன ஒன்றுக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் வீட்டில் முன்பக்கம் தொட்டிச் செடிகள். ஒரு சாயங்காலம் துளசியில் ஒரு கும்பிடுபூச்சி ஈயைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்க, இவர் கேமராவோடு மண்டி போட்டுவிட்டார். உள்ளே சமையல்கட்டில் அக்கா எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகிவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கூடமும் ஒரு திறந்த கதவும்தான்.

"கூப்ட்டேன், கூப்ட்டேன், அப்படிக் கூப்ட்டேன். பக்கத்து வூட்டுப் பொண்ணு காதுல வுழுந்து, அது மதில்மேல ஏறிக் குதிச்சி ஓடியாந்துச்சி. அது அந்த ஆளத் தாண்டித்தான் உள்ள வந்துச்சி. அப்பவும் திரும்பல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. வந்தாரு, பாத்தாரு, பதறிப்போய் ஆட்டோ புடிச்சாரு. ஆஸ்பத்திரில கட்டு போட்டுகினு இருக்கும்போதே அந்தப் படத்தக் காட்டினாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நல்லாத்தான் இருந்துச்சி" என்றார் அக்கா. அப்படியே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கோபமா, ஒப்புக்கொண்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு அண்ணன் மேல் கோபம் வந்தது என்பது மட்டும் நிச்சயம். கட்டிக்கொண்டவளின் குரல் காதில் விழாத அளவுக்கு அப்படி என்ன பூச்சி?

போலீஸ் விவகாரத்துக்குப் பிறகு அக்கா ஒரு சட்டம் போட்டார். குப்புறப் படுத்திருக்கும்போது யாராவது "கால்" என்று கூப்பிட்டால் பேச வேண்டாம், திரும்ப வேண்டாம். முழங்காலை மடக்கி இடது காலை மட்டும் மேலே தூக்கினால் போதும். உயிரோடு இருக்கிறேன், தொந்தரவு பண்ணாதே என்று அர்த்தம். இது எப்படி வேலை செய்தது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம். எங்கள் குரலுக்குத் திறக்காத காது, "கால்" என்று ஒரு சொல்லைக் கத்தினால் மட்டும் எங்கேயோ போய் எட்டிவிடும். மனசுக்குத் தெரிகிறதோ இல்லையோ, கால் ஜம்மென்று மேலே வரும். சேற்றில் ஊறிய ரப்பர் செருப்போடு அந்தக் கால் புல்லுக்கு மேலே எழும்பி நிற்பதைப் பார்க்க எங்களுக்கு ஒரே குஷி. டாக்டர் தேவையே இல்லாமல் அடிக்கடி கத்துவார். நானும்தான்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

மழைக்காலம் முடிந்து பனி ஆரம்பித்திருந்தது. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் மேற்கே உள்தள்ளி ஒரு தாங்கல். ஏரி என்று சொல்ல முடியாது, அதைவிடச் சின்னது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, ஒரு பக்கம் கோரை. கரைக்கு அந்தாண்டை ஒரு சிற்பக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமையிலும் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். அந்தத் தாங்கலில் மிகச் சின்ன ஊசித்தட்டான் ஒன்று இருக்கிறது. ஆண் வயதாக ஆக உடம்பெல்லாம் திருநீறு பூசியதுபோல் வெளுத்துவிடும். அதுவும் பெண்ணும் கூடியிருப்பதை எடுக்க வேண்டும் என்று அண்ணன் போன மழையிலிருந்து அலைந்துகொண்டிருந்தார். கை நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் அது. கோரைத் தண்டில் தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்தான் உட்காரும். அதனால் எடுக்கிறவன் படுத்தே ஆக வேண்டும்.

நாங்கள் போய்ச் சேரும்போதே அவர் வந்து படுத்துவிட்டிருந்தார். எங்களுக்கு அது புதுசில்லை. டாக்டர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் போனேன். வெயில் ஏற ஏறப் பூச்சிகள் எழும்ப ஆரம்பித்தன. மஞ்சள் வாலும் பச்சைக் கண்ணுமாக ஒன்று என் முன்னாலேயே கொசுவைப் பிடித்துத் தின்றது. பூச்சிகளை அடித்துத் தின்னும் கொள்ளை ஈ ஒன்று, ஊசித்தட்டானையே தூக்கிக்கொண்டு போனது. எருக்கஞ்செடியில் ஏதோ ஒரு பச்சை வண்டு, வெயிலில் பட்டுப்புடவை மாதிரி மின்னியது. எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. நடுவில் இரண்டு தடவை அவர் பக்கம் பார்த்தேன். கோரை ஓரத்தில் அதே இடத்தில், அதே நீலச் சட்டை. இன்றைக்கு மாட்டிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அக்காவிடமிருந்து போன்.

"எங்கம்மா கீறீங்க? அந்த ஆளு போன எடுக்கல."

"அவரு என்னைக்குக்கா எடுத்தாரு? தாங்கல்லதான் கீறோம். படுத்துகினு கீறாரு."

"டிபன் டப்பாவ வூட்லயே வெச்சிட்டுப் போயிட்டாரும்மா. இப்பதான் பாத்தேன். ஸ்கூட்டர்ல மாட்டிக்கினு போனாருன்னு நெனச்சேன், ஜன்னல்ல கீது. சக்கர மாத்திரைய மட்டும் போட்டுகினு போயிக்கிறாரு. ஒரு வாய் எதனா குடு அவருக்கு."

சரி என்றேன். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது எங்களுக்குத் தெரியும். மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு உறைக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவர் பக்கமாகத் திரும்பி, "அண்ணே, கால்" என்று கத்தினேன்.

கால் வரவில்லை.

இன்னும் சத்தமாகக் கத்தினேன். உளிச் சத்தம் கூட ஒரு கணம் நின்றது. கால் வரவில்லை.

மறுகரையிலிருந்து டாக்டர் கையை ஆட்டினார். "சும்மா இரும்மா. பெருசா ஏதோ மாட்டிக்கினு கீது. கால அசச்சாலே பறந்துடும்னு கம்முனு கீறாரு. கெடுத்துடாத."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வெள்ளைப் பூச்சி ஜோடியாக வந்துவிட்டது, அதனால்தான் காலைக்கூடத் தூக்கவில்லை, இப்போது போய்க் கத்தினால் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். ஞாயிறு தவறாமல் பூச்சி பார்க்கிற எங்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. வழியில் போகிற எந்த மனிதரும் ஆள் விழுந்து கிடக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார். ரயிலில் போன புண்ணியவானுக்குத் தெரிந்த அளவுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

"தூக்கினாரா?" என்றார் அக்கா போனில்.

"இல்லக்கா. பூச்சி கிட்ட இருக்கும்போல..."

"தூக்கலியா?"

"இல்ல."

அக்கா அதட்டினார். "நான் சொல்லிவெச்ச கால அந்த ஆளு தூக்காம இருக்க மாட்டாரு. ஓடுடி."

ஓடினேன். கோரை காலைக் கீறியது, ஒரு செருப்பு சேற்றில் போனது, கேமரா நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. கிட்டப் போனபோதே தெரிந்துவிட்டது. கேமராவின் லென்ஸ் தண்ணீரில் முங்கிக் கிடந்தது. அவர் பெற்ற பிள்ளையைப்போல் பார்த்துக்கொள்கிற லென்ஸ். கன்னம் சேற்றில் பதிந்திருந்தது. நல்லவேளை, முகம் ஒருக்களித்து இருந்தது, மூக்கு தண்ணீருக்கு வெளியே. முதுகைத் தொட்டேன், சட்டை பூராவும் வேர்வையில் நனைந்து சில்லென்று இருந்தது. அந்தப் பனிக்காலக் காலையில் அவ்வளவு வேர்வை.

நான் போட்ட கூச்சலில் டாக்டர் தண்ணீரிலேயே இறங்கி நேராக வந்தார். இரண்டு பேருமாகப் புரட்டிக் கரைமேல் இழுத்துப் போட்டோம். மூச்சு இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. டாக்டர் அண்ணன் கன்னத்தைத் தட்டினார். "நான் பல் டாக்டர்மா, வெறும் பல் டாக்டர்" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு என்னவோ தெளிந்தவர்போல், "சக்கர எறங்கிடுச்சி. போய் சக்கர வாங்கிகினு வா" என்றார்.

என் பையில் தண்ணீர் பாட்டிலும் உப்புக் கடலையும்தான் இருந்தன. கரை ஏறிச் சிற்பக் கொட்டகைக்கு ஓடினேன். பாதி முடிந்த நந்தி ஒன்றின்மேல் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தவரிடம், "சக்கர, சக்கர" என்று கத்தினேனே தவிர, வேறு வார்த்தை வரவில்லை. அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. டீ போடுகிற மேடையிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். தலை முடி, புருவம் எல்லாம் கல் தூசியோடு அவர் ஓடியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

டாக்டர் அண்ணன் தலையை ஒருக்களித்து மடியில் வைத்துக்கொண்டு, சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக ஈறிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தேய்த்தார். ஊரில் இருக்கிற குழந்தைகளை எல்லாம் இனிப்பு தின்னாதே, தின்னாதே என்று மிரட்டியே பிழைப்பு நடத்துகிற மனிதர். "முழுங்குங்கண்ணே, கொஞ்சம் முழுங்குங்க" என்று அழுதுகொண்டே தேய்த்தார். என் போன் கோரையில் எங்கேயோ விழுந்து கிடந்தது. அதிலிருந்து அக்காவின் குரல் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "யோவ், யோவ்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எடுத்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. எடுத்தால் என்ன சொல்வது?

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சிற்பி அவர் உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் தொண்டை அசைந்தது. பிறகு நாக்கு சர்க்கரையைத் தேடியது. அப்புறம் கண் மெதுவாகச் சுழன்று டாக்டர் முகத்தில் வந்து நின்றது. நெற்றியைச் சுருக்கினார்.

"டாக்டரே," என்றார், குழறிக்கொண்டே, "நிழல் வுழுது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கெல்லாம் ஒழுகியது. கோரைக்குள் கையை விட்டுப் போனைத் துழாவி எடுத்தேன்.

"அக்கா, பேசிட்டாருக்கா."

"இன்னா பேசினாரு?"

"நிழல் விழுதுன்னு சொல்றாரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்ப சரியாத்தான் கீறாரு" என்றார் அக்கா.

அப்பாடா என்று அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. சிற்பி மீதிச் சர்க்கரையில் ஒரு கை அள்ளி எனக்கும் கொடுத்தார், நானும் தின்றேன்.

ஆட்டோவில் போட்டு மாமல்லபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாட்டில் ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் மனிதர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தார். கையில் அதே டிபன் டப்பா. வந்து ஒரு கத்து கத்துவார் என்று நானும் டாக்டரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றோம். அவர் கத்தவில்லை. டப்பாவைத் திறந்து, ஆறிப்போன இட்லியைப் பிட்டு மிளகாய்ப் பொடியில் தொட்டு ஊட்டினார். இவர் வாங்கிக்கொண்டார். கடைசித் துண்டு வாயில் போனதும்தான் இவர் வாயைத் திறந்தார்.

"நான் பூச்சிய எடுத்துகினு கீறேன்னே நெனச்சிகினு இருந்தேன்மா. கடைசி வரைக்கும். யாரோ கூப்புடற மாதிரி இருந்துச்சி. வரணும்னுதான் பாத்தேன். வர முடியல."

அக்கா டப்பாவை மூடினார். "இப்ப தெரிஞ்சிச்சா" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அந்தச் சமையல்கட்டு நாளை நினைத்துத்தான் கேட்டாரா, தெரியாது. அண்ணன் முகம் மட்டும் சுண்டிப்போனது.

லென்ஸ் பழுதாகிவிட்டது, உள்ளே சேறு. சரி பண்ணக் கொடுக்கவும் இல்லை. அதற்கப்புறம் அவர் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் டாக்டரும் போனோம், பேருக்கு நாலு படம் எடுத்தோம், திரும்பினோம். கடைக்குப் போனால், "காது தெரியணும்மா" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பார். ஏன் வரவில்லை என்று கேட்டால், கடையில் வேலை என்பார். சுவரில் அந்த இதயப் படம் இருந்த இடத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. உயிர் பிழைத்ததே பெரிது என்று சொல்லிக்கொண்டாலும், பாதி ஆள்தான் பிழைத்து வந்திருக்கிறார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அக்காதான் தடுத்துவிட்டார் என்று நினைத்து அவர் மேல்கூட மனத்தாங்கலாக இருந்தது.

அடுத்த மழையும் வந்து போனது. எனக்கு ஓசூருக்கு மாற்றல் ஆகி, கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கடைசியாக ஒரு தடவை என்று நானும் டாக்டரும் அதே தாங்கலுக்குப் போனோம். கரையில் அவருடைய ஸ்கூட்டர் நின்றது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் அக்கா. தலையில் பேரனுடைய கிரிக்கெட் தொப்பி, மடியில் டப்பா, தண்ணீர், கமர்கட்டு, சகலமும். கீழே கோரை ஓரம் நீலச் சட்டை குப்புறப் படுத்திருந்தது.

"புது லென்ஸ்" என்றார் அக்கா. "நான்தான் வாங்கச் சொன்னேன். சும்மா வூட்ல உக்காந்துகினு என் மூஞ்சியே பாத்துகினு கீறாரு. பேஜாரு புடிச்ச மாரி ஆய்ட்டுச்சி எனக்கு."

நாங்கள் சத்தம் போடாமல் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் வந்து படுத்து நெடுநேரம் ஆகிவிட்டது என்று அக்கா சொன்னார். முன்னால் ஒரு கோரைத் தண்டில் என்னவோ வெள்ளையாக அசைந்தது. நான் என் கேமராவின் ஜூமை முழுக்க இழுத்துப் பார்த்தேன். அதேதான். திருநீறு பூசிய ஆண், கீழே சிவப்பாக ஒரு பெண். அதன் கழுத்தை ஆணின் வால் பிடித்திருந்தது. பெண் மெல்ல மெல்ல உடம்பை மேலே வளைத்தது. டாக்டர் என் கையை இறுக்கிப் பிடித்தார். இவ்வளவு காலம் காத்திருந்தது கூடிவிடப் போகிறது. இன்னும் ஒரு வளைவு.

"ஏங்க" என்றார் அக்கா.

சத்தமாகக்கூட இல்லை. பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற குரல். எனக்குப் பகீர் என்றது. இந்த நேரத்திலா, என்னக்கா நீங்கள் என்று வாய் வரை வந்துவிட்டது.

அவர் கேமராவைக் கீழே வைத்தார். முழங்கையை ஊன்றி எழுந்து, முழுசாகத் திரும்பி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். கோரை ஆடியது. வெள்ளையும் சிவப்பும் பிரிந்து எங்கேயோ போய்விட்டன.

"இன்னாம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றார் அக்கா. "சும்மாத்தான் கூப்ட்டேன்."

அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை அங்கேதான் இருந்தோம். அக்கா அதற்கப்புறம் அவரைக் கூப்பிடவே இல்லை.